கம்பெனி மருத்துவ அறையில் ஃப்ளூ ஊசி: படிவத்தில் சர்க்கரையை எழுதலாமா?

வாசகர் கேள்வி, 23 செப்டம்பர் 2024

சிறுசேரியில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் அலுவலகத்திலேயே இலவசமாக ஃப்ளூ தடுப்பூசி போடுகிறார்களாம். பெயர் கொடுக்கச் சொல்லி ஹெச்.ஆரிடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. கூடவே ஒரு படிவம். சர்க்கரை உண்டா, ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா என்று அதில் வரிசையாகக் கேள்விகள். எனக்குச் சர்க்கரை இருப்பது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. எழுதினால் பதவி உயர்வுக்கு வினையாகுமோ என்று பயமாக இருக்கிறது. ஊசி போட்டால் அந்தக் காய்ச்சலே வந்து சேரும் என்று பக்கத்து இருக்கைக்காரர் வேறு பயமுறுத்துகிறார். போட்டுக்கொள்வதா, வேண்டாமா?

பதில், 24 செப்டம்பர், இரவு

போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வரிசையில் முதலில் நிற்க வேண்டியவர்கள். ஃப்ளூ காய்ச்சல் வந்தால் அதுவரை கட்டுக்குள் இருந்த சர்க்கரை தாறுமாறாக ஏறும். நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வரை போகும் ஆபத்தும் நமக்கு மற்றவர்களைவிட அதிகம்.

பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லுங்கள்: கையில் போடும் ஊசியில் இருப்பது செத்த வைரஸ், பெரும்பாலும் அதன் துண்டுகள். செத்தது பெருகாது, காய்ச்சலையும் கொடுக்காது. கை வலிக்கும், ஒரு நாள் உடம்பு லேசாகச் சுடலாம். அவ்வளவுதான்.

படிவத்தில் உண்மையை எழுதுங்கள். மருத்துவ அறையில் எதற்கு ஒளிவுமறைவு?

நான் ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் 22 வருடமாக இருக்கிறேன். எங்கள் மருத்துவ அறையில் நான்கு முறை இந்த ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

25 செப்டம்பர், காலை

திருத்தம். நான்கு முறை இல்லை, மூன்று. ஒரு வருடம் ஆடிட் என்று போகாமல் விட்டேன். அந்த வருடம் காய்ச்சல் வந்ததா என்று கேட்காதீர்கள். வந்தது.

28 செப்டம்பர்

ஊசியைவிட எந்த மாதம் போடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். உங்களுக்கு அக்டோபர். அதிர்ஷ்டசாலி.

எங்கள் இடத்தில் போன வருடம் ஏப்ரலில் போட்டார்கள். ஏன் ஏப்ரல் என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியவில்லை. கணக்குப் பிரிவில் இருக்கும் நண்பர்தான் ரகசியத்தை உடைத்தார். மார்ச் கடைசியில் ஊழியர் நலன் என்ற தலைப்பில் பணம் மிச்சம் இருந்ததாம். செலவழிக்காவிட்டால் அடுத்த ஆண்டு ஒதுக்கீடு குறையும். அவசரமாக ஆர்டர் போட்டார்கள், மருந்து ஏப்ரலில் வந்தது. நிதியாண்டு பார்த்துப் போட்ட ஊசி!

வடக்கே தென்மேற்குப் பருவமழையோடு ஃப்ளூ ஏறுகிறது. சென்னையில் அது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர் நவம்பரில் தலைதூக்கும். ஊசி வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் ஆகும், அதன் பலம் சில மாதங்களில் மெல்லத் தேயும். ஏப்ரலில் போட்டவனுக்கு நவம்பர் மழையில் மிஞ்சுவது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். போன தீபாவளிக்கு நான் படுத்திருந்ததற்கு இதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் சந்தேகம் உண்டு.

இந்த வருடம் நானும் இன்னும் இரண்டு பேரும் போய்ச் சொன்னோம். அக்டோபர் 15 என்று தேதி குறித்திருக்கிறார்கள்.

2 அக்டோபர், விடுமுறை

எங்கள் மின்னஞ்சலும் வந்துவிட்டது. 'நான்கு வகை வைரஸ்களிலிருந்து முழுப் பாதுகாப்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இரண்டுமே தப்பு.

முதலில் 'முழு'. வைரஸும் ஊசியும் நன்றாகப் பொருந்திப்போகும் வருடத்திலேயே காய்ச்சலோடு மருத்துவரிடம் ஓடும் வாய்ப்பை 40 முதல் 60 சதவீதம்தான் குறைக்கும். எனக்கு அதுவே போதும். மழை நாளில் பாதி நனைவது, முழுக்க நனைவதைவிட மேல். ஆனால் முழுப் பாதுகாப்பு என்று சொல்லிப் போட்டுவிட்டு, பிறகு ஒருவன் தும்மினால் அடுத்த வருடம் வரிசையில் ஆளே இருக்காது.

அடுத்து 'நான்கு'. இந்தப் பருவத்து மருந்தில் இருக்கும் வைரஸ்களின் ஊர்ப்பெயர்களைப் பாருங்கள்: விக்டோரியா, தாய்லாந்து, ஆஸ்திரியா, புக்கெட். சுற்றுலா கம்பெனி விளம்பரம் மாதிரி இருக்கிறது. இதில் நான்காவதான புக்கெட், பி யமகட்டா என்ற வம்சம். 2020 மார்ச்சுக்குப் பிறகு அந்த வம்சத்து வைரஸ் உலகத்தில் எங்கும் உறுதியாகக் கண்ணில் படவில்லை. கொரோனாவுக்காக நாம் வீட்டில் அடைந்து கிடந்த நேரத்தில் அது பரவ ஆள் கிடைக்காமல் அற்றுப்போயிருக்கலாம் என்கிறார்கள். இனி அதைச் சேர்க்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2023 செப்டம்பரில் சொல்லிவிட்டது. வராத விருந்தாளிக்கும் இலை போட்டுக் காத்திருக்கிறோம். கெடுதல் ஒன்றும் இல்லை, காசுதான்.

3 அக்டோபர்

பெட்டியில் வட அரைக்கோளம், தென் அரைக்கோளம் என்று அச்சிட்டிருக்குமே, எதை வாங்குவது என்று ஒருவர் கேட்டார். உலக சுகாதார நிறுவனம் வடக்குக்கான கலவையைப் பிப்ரவரியிலும் தெற்குக்கானதைச் செப்டம்பரிலும் அறிவிக்கும். 2024 தெற்கும் 2024-25 வடக்கும் ஒரே கலவைதான். அதனால் இந்த முறை மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், காலாவதித் தேதியை மட்டும் பாருங்கள். போன வாரம் வந்த 2025 தெற்கு அறிவிப்பில் தாய்லாந்து போய் குரோவேஷியா வந்திருக்கிறது. அது அடுத்த வருடத்துப் பாடு.

6 அக்டோபர், ஞாயிறு

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 78 வயது. கம்பெனி ஊசி ஊழியருக்கு மட்டும், குடும்பத்துக்கு இல்லை. அரசின் வழக்கமான தடுப்பூசித் திட்டத்திலும் ஃப்ளூ இல்லை. வெளியே கிளினிக்கில் 1,800 ரூபாய் கொடுத்து நேற்று போட்டு வந்தேன். போகும் வழியெல்லாம் காசு வீண் என்று புலம்பிக்கொண்டு வந்தவர், ஊசி இறங்கியதும் 1957 கதையை எடுத்தார்.

அந்த வருடம் ஆசிய ஃப்ளூ என்று ஒன்று உலகத்தைச் சுற்றியது. இந்தியாவுக்குள் அது நுழைந்த வாசல் நம் மெட்ராஸ் துறைமுகம்தான். மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலில் காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இருந்த இன்ஃப்ளூயன்ஸா மையம்தான் அந்தப் பரவலை ஆராய்ந்தது. அப்பாவுக்கு அப்போது 11 வயது, வீடு ராயபுரம். துறைமுகத்துக்குப் பக்கம். வீட்டில் ஒன்பது பேரும் பாயில் கிடந்தார்களாம். பாட்டி மட்டும் எழுந்து மிளகு ரசம் வைப்பதும் மறுபடி படுப்பதுமாக இருந்தாராம். "நாங்கள் என்ன ஊசியா போட்டுக்கொண்டோம்?" என்றார். அந்த ஒன்பது பேரில் யாருக்கும் எதுவும் ஆகவில்லையா என்று கேட்டேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, கடைசித் தங்கை ஒருத்தி இருந்தாள் என்றார். எனக்கு அப்படி ஓர் அத்தை இருந்தது நேற்றுதான் தெரியும்.

9 அக்டோபர்

சிறுசேரி நண்பரிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். படிவத்தில் உண்மையை எழுதுங்கள் என்று உங்களுக்குப் பெரிய மனிதத் தோரணையில் சொன்னேன். இன்று என் கைக்குப் படிவம் வந்தது. சர்க்கரை என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. 'இல்லை' என்று டிக் அடித்துக் கொடுத்துவிட்டேன்.

எனக்கு மூன்று வருடமாகச் சர்க்கரை. மதியம் மாத்திரையைக் கழிவறையில் வைத்து விழுங்குகிறேன். இந்த வயதில் லைன் பொறுப்பாளர் பதவிக்குப் பெயர் அடிபடுகிறது. இரவு ஷிஃப்ட் பார்க்க முடியுமா என்று யாராவது யோசிப்பார்களோ என்ற பயம்தான். உங்கள் பயமே. ஊருக்கு உபதேசம்.

9 அக்டோபர், பின்னிரவு

தூக்கம் வரவில்லை, அதனால் இன்னொன்று. அந்தப் படிவத்தையே மறுபடி யோசித்துப் பார்த்தேன். ஊசி போடுகிறவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது என்ன? முன்பு இந்த ஊசிக்கு உடம்பு மோசமாக ஒவ்வாமல் போனதா. இன்றைக்குக் காய்ச்சல் இருக்கிறதா. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா. முன்பு ஃப்ளூ ஊசிக்குப் பின் சில வாரங்களில் கை கால் செயலிழக்கும் நரம்பு நோய் ஏதாவது வந்ததா. இவற்றை நேரில், வாயால் கேட்கலாம். சர்க்கரை இருந்தால் ஊசி போடக் கூடாது என்பது இல்லை, கட்டாயம் போட வேண்டும் என்பதுதான். எல்லோருக்கும் போடப்போகிற இடத்தில் அந்தக் கட்டம் எதற்கு? அதுவும் ஹெச்.ஆர். மின்னஞ்சலுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லும் படிவத்தில்?

ஆகவே 24ஆம் தேதி சொன்னதை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: படிவம் மருத்துவ அறைக்குப் போகிறதென்றால் எழுதுங்கள். ஹெச்.ஆர். வழியாகப் போகிறதென்றால் எழுதாமல், ஊசி போடும் நர்ஸிடம் நேரில் சொல்லுங்கள்.

11 அக்டோபர், ஆயுத பூஜை

இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைத்து முடித்த கையோடு ஸ்டோர்ஸ் அம்மா ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். சுத்த சைவம். "ஊசியில் முட்டை இருக்கிறதாமே, உண்மையா?" என்றார். உண்மைதான். பெரும்பாலான ஃப்ளூ மருந்துக்கு வைரஸைக் கோழி முட்டைக்குள் வளர்த்து எடுக்கிறார்கள். சுத்திகரித்த பிறகு முட்டைப் புரதம் மிகச் சிறிதளவே தங்கும். முட்டை ஒவ்வாதவர்களுக்கும் இப்போது தயங்காமல் போடலாம் என்கிறார்கள். சைவத்துக்கு என்ன விதி என்று நான் சொல்ல முடியாது. அவரே முடிவு செய்தார்: "வாய் வழியாகப் போகவில்லையே, பரவாயில்லை."

15 அக்டோபர், செவ்வாய்

ஊசி நாள். ஊசி இல்லை. மழை. வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியிருக்கும் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தொழிற்சாலைக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள்.

என் கவலை வேறு. நேற்று மாலையே மருந்து வந்து மருத்துவ அறைக் குளிர்ப்பெட்டியில் இருக்கிறது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடானால் கெடும், உறைந்தாலும் கெடும். உறைந்து மறுபடி இளகினால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

16 அக்டோபர்

எங்கள் மருத்துவ அறையில் ஒரு நர்ஸ் தம்பி இருக்கிறார், விருதுநகர்ப் பக்கம். மழையில் வீட்டுக்குப் போக முடியாமல் அங்கேயே தங்கிவிட்டாராம். மின்சாரம் மூன்று முறை போய் ஜெனரேட்டரில் ஓடியிருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் வெப்பநிலையைப் பார்த்து நோட்டில் எழுதியிருக்கிறார். புகைப்படம் எடுத்து அனுப்பினார்: 4, 5, 5, 6, 5, 4. இரவு இரண்டு மணிக்கும் ஒரு பதிவு. எங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இப்படி ஒரு பதிவேடு இருந்தால் நான் ஆடிட்டுக்குப் பயப்படவே வேண்டாம்.

18 அக்டோபர்

போட்டாயிற்று. இடது மேற்கை, அரை மில்லி. சுருக்கென்றது கூடத் தெரியவில்லை. பதினைந்து நிமிடம் உட்கார வைத்தார்கள். ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும் என்பதால் அப்படி. எழுந்து ஓடப் பார்த்தவர்களை நர்ஸ் தம்பி வாத்தியார் மாதிரி விரட்டி உட்கார வைத்தார்.

என் முறை வந்தபோது படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேறு ஏதாவது உண்டா சார்?" என்றார். பின்னால் என் லைன் பையன்கள் நின்றார்கள். இல்லை என்றேன். "சரி சார்" என்று லேசாகச் சிரித்தார். நேரில் சொல்லுங்கள் என்று ஒன்பது நாள் முன்பு உங்களுக்கு எழுதியவன் நான்தான்.

வெளியே வரும்போது எங்கள் பஸ் டிரைவர் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். தாம்பரத்திலிருந்து எங்களைக் கொண்டுவருகிறவர். வயது 55 இருக்கும். "எனக்கும் போடுவார்களா சார்?" என்று கேட்டார். பட்டியலில் பெயர் இல்லை என்று சொல்லியனுப்பிவிட்டார்களாம்.

20 அக்டோபர்

கை இரண்டு நாள் வலித்தது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. இன்று சரி.

ஆனால் கேன்டீனில் வேறு கதை ஓடுகிறது. பெயின்ட் பிரிவுத் தம்பி ஒருவனுக்கு ஊசி போட்ட மறுநாளே 103 டிகிரி. "பார்த்தீர்களா, ஊசிதான்" என்று மேசைக்கு மேசை பேச்சு. ஊசிக்காய்ச்சல் பெரும்பாலும் இவ்வளவு ஏறாது. ஏற்கெனவே தொற்றியிருந்த ஃப்ளூவாக இருக்கலாம் என்று வாதாடினேன், தொற்றி ஒன்று முதல் நான்கு நாளில் அது வெளியே தெரியும். யாரும் கேட்கவில்லை.

23 அக்டோபர்

நான் சொன்னதும் தப்பு, கேன்டீன் சொன்னதும் தப்பு. ரத்தப் பரிசோதனையில் டெங்கு. இந்த மாதத்தில் முதலில் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். அவன் வீட்டு மாடியில் பழைய டயர் கிடக்கிறதாம். செய்தி கேன்டீனுக்குப் போய்விட்டது, ஆனாலும் 'ஊசி போட்டதால்தான் டெங்கு' என்று ஒரு மேசையில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

4 நவம்பர்

தீபாவளி நல்லபடியாகப் போனது. விஷயத்துக்கு வருகிறேன். டிரைவர் அண்ணன் கேட்டது மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்ததால் ஹெச்.ஆரில் போய் விசாரித்தேன். அவர் ஒருவர் மட்டும் இல்லை. கேன்டீன் பெண்கள், லோடிங் பையன்கள், துப்புரவுப் பணியாளர்கள், காவலாளிகள் யாருமே பட்டியலில் இல்லை. "அவர்கள் கான்டிராக்டரின் ஆட்கள், அவர்தான் பார்க்க வேண்டும்" என்றார்கள். கான்டிராக்டர் முகக்கவசமே வாங்கித் தராதவர்.

இதில் ஒரு வேடிக்கை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி 500க்கு மேல் தொழிலாளர் இருந்தால் ஆம்புலன்ஸ் அறை, அதாவது மருத்துவ அறை, வைக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் தொழிலாளி என்றால் ஒப்பந்ததாரர் மூலம் வந்தவரும் சேர்த்திதான். எங்களிடம் நிரந்தர ஆட்கள் 340. மீதியை நிரப்பி 500ஐத் தாண்ட வைத்து அந்த மருத்துவ அறையையே வரவழைத்தவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அங்கே போடும் ஊசியில் அவர்களுக்குப் பங்கில்லை. இதைச் சொன்னேன். சட்டம் ஊசியைப் பற்றிப் பேசவில்லையே என்று பதில் வந்தது. வாஸ்தவம், பேசவில்லை.

நியாயத்தை விடுங்கள், சுயநலமாகவே பார்ப்போம். குளிர்சாதன பஸ், ஜன்னல் திறக்காது, ஐம்பது பேர், ஒன்றேகால் மணி நேரம். தினமும் அத்தனை பேரோடும் அந்தக் காற்றைப் பகிர்பவர் அவர். நமக்குச் சோறு போடுகிறவர்கள் கேன்டீன் பெண்கள்.

5 நவம்பர்

மிச்சம் இருந்தால் அவர்களுக்குப் போடக் கூடாதா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நானும் கேட்டேன். வராதவர்கள் 58 பேர். போட்ட ஊசிக்கு மட்டும் பணம் என்பது ஒப்பந்தம். அதனால் மிச்சத்தை மருந்து கொடுத்த மருத்துவமனைக்காரர்களே ஊசி போட்ட அன்று மாலை ஐஸ் பெட்டியில் வைத்துத் திரும்ப எடுத்துப் போய்விட்டார்கள். நர்ஸ் தம்பி இரவெல்லாம் காவல் காத்த ஊசிகள்.

1 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் நேற்று. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, தெருவில் முழங்கால் வரை.

ஒரு வாரத்துக்கு மேலாக பஸ்ஸுக்கு வேறு டிரைவர். பழைய அண்ணனுக்குக் கடும் காய்ச்சல், இருமல். முதல் மூன்று நாள் மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். வைரஸை அது ஒன்றும் செய்யாது. ஃப்ளூவுக்கென்று ஒசெல்டாமிவிர் மாத்திரை இருக்கிறது, 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். இவர் அரசு மருத்துவமனைக்குப் போனது ஐந்தாம் நாள். பரிசோதனையில் இன்ஃப்ளூயன்ஸா ஏ, ஃப்ளூவேதான். இப்போது தேறிவிட்டார். ஒன்பது நாள் சம்பளம் போனது.

அவருக்கு ஊசி போட்டிருந்தால் வந்திருக்காது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். 40 முதல் 60 சதவீதம் என்று நானே மேலே எழுதியிருக்கிறேன். வந்தும் இருக்கலாம். ஆனால் அவர் கேட்டார், இல்லை என்றோம். எனக்கு அதுதான்.

12 டிசம்பர்

வருடாந்திர உடல் பரிசோதனை இன்று. ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்தபோது அறையில் வேறு யாரும் இல்லை. ஊசிப் படிவத்தில் ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பினேன் தம்பி என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

அவர் அலமாரியிலிருந்து என் கோப்பை எடுத்துப் பிரித்தார். 2021, சர்க்கரை 212. 2022, 187. 2023, 194. எல்லாம் இதே அறையில் இதே கையால் எடுத்த ரத்தம். ஒவ்வொரு வருடமும் என் ரத்தத்தை அவர்களிடமே கொடுத்துவிட்டு அவர்களிடமே மறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். சிறுசேரி நண்பரே, உங்கள் அலுவலகத்திலும் வருடா வருடம் ரத்தம் எடுக்கிறார்களா என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள்.

"ஹெச்.ஆருக்கு இந்தக் கோப்பு போகாது சார். தகுதி உண்டு, இல்லை என்ற ஒரு வரி மட்டும்தான் போகும்" என்றார். அடுத்த வருட ஊசிப் படிவமும் நேராக மருத்துவ அறைக்கே வர வேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறாராம். கூடவே பட்டியலில் 'ஒப்பந்தம்' என்று ஒரு பத்தியும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். பதில் வரவில்லை. முதல் பெயராக டிரைவர் அண்ணனைப் பென்சிலில் எழுதி வைத்திருந்தார். கீழே கேன்டீன் பெண்களின் பெயர்களை நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பதினொரு பெயர் சொன்னேன். இருபது வருடமாகப் பரிமாறும் பெரியம்மாவின் பெயர் மட்டும் எனக்குத் தெரியவில்லை. நாளை கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.